விசைப்பலகை சொன்னதும் லினக்ஸ் நம்பியதும்

2022-ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலுக்குள், ஆப்பிள் விசைப்பலகைகளுக்கான இயக்கியில், சிறிய திருத்தம் ஒன்று சேர்ந்தது. மேல்வரிசையில் இருக்கும் எஃப் விசைகளை எப்படி நடத்துவது என்பதற்கு அந்த இயக்கியில் அதுவரை மூன்று நிலைகள் இருந்தன. 0 என்றால் எஃப்என் விசைக்குத் தனி மதிப்பில்லை. 1 என்றால் ஒலி, வெளிச்சம் போன்ற வேலைகளுக்கு முதலிடம். 2 என்றால் எஃப் விசைகளுக்கு முதலிடம். திருத்தம் 3 என்ற நான்காவது நிலையைச் சேர்த்து அதையே இயல்புநிலையாகவும் ஆக்கியது. இதற்குக் காரணமாக இருந்தது ஆப்பிள் செய்த பொருள் அல்ல. கீக்ரான் நிறுவனத்தின் சி, கே வரிசை விசைப்பலகைகள் கணினியில் செருகப்பட்டதும் ஆப்பிளின் விற்பனையாளர் எண்ணையும், ஆப்பிள் விசைப்பலகை ஒன்றின் பொருள் எண்ணையும் தம்முடையவையாகச் சொல்லிவந்தன. லினக்ஸ் அதை நம்பி ஆப்பிள் இயக்கியை அவற்றிடம் ஒப்படைத்தது. விளைவாக எஃப் 1 திரை வெளிச்சத்தைக் குறைத்தது, எஃப் 12 ஒலியைக் கூட்டியது. விசைப்பலகையில் உள்ள மேக்/விண்டோஸ் மாற்றுப் பொத்தான் விண்டோஸ் பக்கம் தள்ளப்பட்டிருந்தால் எஃப்என் விசையின் சைகை கணினிக்கு வருவதே இல்லை. அதனால் உண்மையான எஃப் விசைகளை எட்ட வழியே இல்லாமல் போனது.

பழுதுபார்ப்பவர்கள் இந்த மாதிரிச் சிக்கலை 'லினக்ஸுக்குக் கீபோர்டு தெரியவில்லை' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுவது வழக்கம். அந்த வாக்கியம் தவறான இடத்தில் தேடவைக்கிறது. லினக்ஸ் இங்கே தெரியாமல் விழிக்கவில்லை. சொல்லப்பட்டதை அப்படியே நம்பி, அதற்கேற்ப மிகச் சரியாக நடந்துகொண்டது. யுஎஸ்பி அமைப்பில் ஒரு கருவியின் அடையாளம் என்பது அந்தக் கருவியே சொல்லிக்கொள்வது. அதைச் சரிபார்க்க எந்த ஏற்பாடும் இல்லை. ஆகவே தவறாக அடையாளம் காணப்பட்ட விசைப்பலகையைச் சரிசெய்வது என்றால், கருவி என்ன சொன்னது, அதைக் கணினியின் எந்த அடுக்கு நம்பியது, நம்பி என்ன செய்தது என்று வரிசையாகக் கேட்பதுதான். இந்தக் கேள்விகளைக் கேட்கும் பழக்கம் பெருநகரத்து மென்பொருள் அலுவலகத்தைவிடப் புதுக்கோட்டை போன்ற மாவட்டத்துக்கே கூடுதலாகத் தேவைப்படுகிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அடையாளம் எப்படி உருவாகிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். ஒரு கருவியைச் செருகியதும் கணினி அதற்கு ஒரு முகவரி தந்து, 18 பைட் நீளமுள்ள ஒரு விவரக் குறிப்பைக் கேட்டு வாங்குகிறது. விற்பனையாளர் எண், பொருள் எண் இரண்டும் அதில்தான் இருக்கின்றன. தலா 16 பிட். எனவே ஒவ்வொன்றுக்கும் 65,536 மதிப்புகள் மட்டுமே சாத்தியம். ஆப்பிளுக்குரிய எண் பத்தடிமானத்தில் 1452. கீக்ரான் இரவல் வாங்கிய பொருள் எண் 591. இதற்குப் பிறகு கருவி, தான் மனிதர் கையாளும் கருவி வகுப்பைச் சேர்ந்தது, அதிலும் விசைப்பலகை என்று சொல்கிறது. அடுத்து, தன்னிடமிருந்து எந்தெந்த வடிவத்தில் தகவல் வரும் என்பதை விவரிக்கும் நீண்ட குறிப்பு ஒன்றைத் தருகிறது. வருமானச் சான்றுக்கோ இருப்பிடச் சான்றுக்கோ விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரித்துக் கையெழுத்திட வேண்டும். யுஎஸ்பியில் விண்ணப்பம் மட்டும்தான் உண்டு, விசாரணைக்கு வரும் அலுவலர் கிடையாது. 1996-இல் முதல் யுஎஸ்பி வரையறை வெளியானபோது நோக்கம் வேறாக இருந்தது. செருகினால் உடனே வேலை செய்ய வேண்டும், விலையும் ஏறக்கூடாது. அந்த நோக்கம் நிறைவேறியது. சரிபார்ப்பு இல்லாமை அதற்குக் கொடுத்த விலை.

பொய் சொல்லும் கருவிகள் எல்லாம் தீய நோக்கம் கொண்டவை அல்ல. பெரும்பாலும் பணக் கணக்குதான். யுஎஸ்பி அமைப்பை நிர்வகிக்கும் மன்றத்திடம் ஒரு நிறுவனம் தனக்கென விற்பனையாளர் எண் வாங்க சுமார் 6,000 அமெரிக்க டாலர் செலுத்த வேண்டும். சில நூறு ரூபாய்க்கு விற்கும் விசைப்பலகையில் தன் பெயரை ஒட்டி விற்கும் நிறுவனம் பல நேரம் அதை வாங்குவதில்லை. உள்ளே இருக்கும் சில்லைச் செய்தவரின் எண்ணையே அப்படியே விட்டுவிடுகிறது. சிக்மா மைக்ரோ என்னும் சில்லு நிறுவனத்தின் எண்ணைப் பாருங்கள். லினக்ஸில் இணைந்துள்ள யுஎஸ்பி கருவிகளைப் பட்டியலிடும் கட்டளையைத் தட்டினால், அந்த நிறுவனத்தின் 2 என்ற பொருள் எண் கொண்ட விசைப்பலகை எந்தப் பெயரில் விற்கப்பட்டதாக இருந்தாலும் 'டிரேசர் காமா ஐவரி' என்றே காட்டும். டிரேசர் போலந்து நாட்டு வணிகப் பெயர். கீழராஜ வீதியிலோ அறந்தாங்கியிலோ வாங்கிய விசைப்பலகைக்கும் போலந்துக்கும் என்ன தொடர்பு என்று குழம்ப வேண்டியதில்லை. எண்களுக்கு நேரே பெயர் எழுதிவைத்த பட்டியலைத் தன்னார்வலர்கள் சேர்த்துத் தொகுக்கிறார்கள். அந்த எண்ணை முதலில் பதிந்தவர் கையில் இருந்த பொருளின் பெயர் அதில் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான். இந்த வகைப் பிழை கண்ணுக்கு உறுத்தும், வேலையைக் கெடுக்காது. அந்தப் பெயரைப் பார்த்துப் பதறித் தேடத் தொடங்குவது வீண்வேலை என்பதைக் கற்பிப்பதே பழுதுபார்ப்புப் பாடத்தில் பாதி.

வேலையைக் கெடுக்கும் பிழைகள் வேறு அடுக்குகளில் இருக்கின்றன. ஹோல்டெக் சில்லு கொண்ட ஒரு விசைப்பலகை வகை, தன் இரண்டாவது இடைமுகத்தின் தகவல் வடிவக் குறிப்பிலேயே தவறான உச்ச மதிப்பைச் சொன்னது. கெர்னல் அதைப் படிக்க மறுத்தது. தீர்வாக அந்தக் குறிப்பைத் தூக்கி எறிந்துவிட்டுச் சரியான குறிப்பைக் கெர்னலே வைத்துக்கொள்ளும் தனி இயக்கி எழுதப்பட்டது. கருவி தன்னைப் பற்றிச் சொல்வதைவிட இயக்கி எழுதியவர் அதைப் பற்றி அறிந்தது சரியாக இருக்கும் விந்தை இது. கீக்ரான் திருத்தத்திலும் இதே போன்றதொரு வேடிக்கை உண்டு. 3 என்ற புதிய நிலை எப்படி வேலை செய்கிறது? எண் ஆப்பிள் என்று சொல்கிறது. ஆனால் கருவி அனுப்பும் பெயரில் கீக்ரான் என்றோ, சோனிக்ஸ் என்றோ, இன்னும் சில பெயர்களோ தெரிந்தால் இது உண்மையான ஆப்பிள் அல்ல என்று இயக்கி முடிவுகட்டுகிறது. கருவியின் ஒரு வாக்குமூலத்தை மறுக்க அதே கருவியின் இன்னொரு வாக்குமூலத்தையே சாட்சியாக்குகிறார்கள். வேறு சாட்சி இல்லை. பெயரையும் மாற்றிச் சொல்லும் விசைப்பலகை நாளை வந்தால் பட்டியலில் இன்னொரு வரி சேர வேண்டியதுதான்.

தமிழில் தட்டச்சு செய்பவருக்கு இன்னோர் அடுக்கு இருக்கிறது. ஆங்கிலத்தில் மட்டும் எழுதுபவர் அதை உணர வாய்ப்பில்லை. விசைப்பலகை எழுத்தை அனுப்புவதில்லை, இடத்தை அனுப்புகிறது. ஆங்கில ஹெச் பொறித்த விசையை அழுத்தினால் கணினிக்குப் போவது 11 என்ற எண். அந்த 11 தமிழ்99 அமைப்பில் 'க' ஆகிறது. இன்ஸ்கிரிப்ட் அமைப்பில் 'ப' ஆகிறது. எது என்பதைத் தீர்மானிப்பது திரைக்குப் பின்னால் இருக்கும் மென்பொருள். எந்த மொழிக்கான விசைப்பலகை என்று கருவி தானாகச் சொல்ல வரையறையில் ஓரிடம் ஒதுக்கப்பட்டிருக்கிறது, நாட்டுக் குறியீடு என்று. மனிதர் கையாளும் கருவி வகுப்புக்கான வரையறையின், 2001-இல் வெளியான 1.11 பதிப்பில் 1 முதல் 35 வரை எண்கள் பங்கிடப்பட்டுள்ளன. அரபுக்கு 1, ஹீப்ருவுக்கு 11, அமெரிக்காவுக்கு 33. சிதறிப்போன யுகோஸ்லாவியாவுக்குக்கூட 34 உண்டு. இந்திய எழுத்துமுறை எதற்கும் எண் இல்லை. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்நெட் 99 மாநாட்டைத் தொடர்ந்து, அதே ஆண்டிலேயே தமிழ்நாடு அரசு தமிழ்99 விசைப்பலகையை ஏற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாண்டு கழித்து வந்த உலக வரையறையில் அதற்கு இடமில்லை. நடைமுறையில் பெரும்பாலான விசைப்பலகைகள் இந்த இடத்தில் 0 என்றே எழுதி அனுப்புகின்றன, இயங்குதளங்களும் இதைப் பெரிதாக மதிப்பதில்லை. ஆகவே இழப்பு சிறிதென்று சொல்லலாம். ஆனால் இதிலிருந்து பழுதுபார்ப்புக்கு ஒரு முடிவு கிடைக்கிறது: தமிழ் எழுத்து மாறி விழுந்தால் குற்றம் ஒருபோதும் யுஎஸ்பி அடையாளத்தில் இருக்காது. தமிழ் எது என்று விசைப்பலகைக்கு எந்நாளும் தெரியாது.

இப்போது மாவட்டத்துக்கு வருவோம். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எல்காட் நிறுவனத்தின் கொள்முதல் வழியாகப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அரசு, அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் வந்தது. தொடக்கக் கட்டங்களில் வந்த கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. பாஸ் என்பது சென்னை சி-டாக் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய இயங்குதளம். 2018-இல் வந்த பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூல் விண்டோஸோடு உபுண்டுவையும் கற்பிக்கிறது. தமிழ்க் கணிமைக்கெனத் தனிப் பாடமே அதில் உண்டு. ஆக லினக்ஸ் இங்கே ஆர்வலர் சிலரின் பொழுதுபோக்கு அல்ல. பொன்னமராவதியிலோ கந்தர்வகோட்டையிலோ பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மாணவரின் பாடத்திட்டத்துக்குள் அது இருக்கிறது. அந்த மடிக்கணினிகளில் ஒன்றில் சில விசைகள் செத்துப்போனால் என்ன செய்வார்கள்? உள்விசைப்பலகையை மாற்றுவதைவிட வெளியிலிருந்து ஒரு யுஎஸ்பி விசைப்பலகையைச் செருகுவது மலிவு. சிக்கல் அங்கேதான் நுழைகிறது. மடிக்கணினியின் உள்விசைப்பலகை பெரும்பாலும் யுஎஸ்பி வழியில் அல்லாமல் பழைய பிஎஸ்2 வழியில் பேசுவது. அதற்கு அடையாளக் குழப்பம் வருவதே அரிது. வெளியிலிருந்து வரும் மலிவான யுஎஸ்பி விசைப்பலகைதான் இரவல் எண்ணோடு வந்து நிற்கிறது. அது ஆப்பிளின் எண்ணாக அமைந்துவிட்டால், 2022-க்கு முன் வழங்கப்பட்டு இன்றுவரை புதுப்பிக்கப்படாத கணினியின் கெர்னலில் 3 என்ற நிலையும் கிடையாது. மேலே சொன்ன திருத்தம் உலகத்துக்குச் சென்று சேர்ந்துவிட்டது. இந்தக் கணினிகளுக்கு வந்து சேரவில்லை.

கண்டறியும் முறையை இங்கே விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வாதத்துக்கான சான்றும் அதுதான். முதல் சோதனைக்கு லினக்ஸே வேண்டாம். கணினியை இயக்கி, பயாஸ் திரையில் அந்த விசைப்பலகையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பயாஸ் நீண்ட வடிவக் குறிப்பைப் படிக்காது. ஷிஃப்ட், கன்ட்ரோல் போன்றவற்றுக்கு ஒரு பைட், காலியாக ஒரு பைட், ஒரே நேரத்தில் அழுத்தும் ஆறு விசைகளுக்கு ஆறு பைட் என 8 பைட் கொண்ட எளிய வடிவத்திலேயே பேசும். அங்கே எஃப் விசைகள் சரியாக வேலை செய்து லினக்ஸில் செய்யாவிட்டால், கம்பியும் சில்லும் நலம். சிக்கல் லினக்ஸ் எதை நம்பியது என்பதில் இருக்கிறது. அடுத்து, கெர்னல் தன் செயல்களைப் பதிந்துவைக்கும் செய்திப் பதிவைத் திறந்து, விசைப்பலகையைக் கழற்றிச் செருக வேண்டும். கடைசியில் சில வரிகள் புதிதாக வரும். அவற்றில் பொதுவான இயக்கியின் பெயர் இருக்கிறதா, ஆப்பிள் என்ற பெயர் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி வழக்கு முடிந்துவிடும். பெட்டியில் எழுதியிருப்பது என்ன, பட்டியல் கட்டளை காட்டும் பெயர் என்ன என்பதெல்லாம் இந்த ஒரு சொல்லுக்கு முன் சாட்சியாக நிற்காது. மூன்றாவதாக, இவிடெஸ்ட் என்னும் கருவியை இயக்கி ஒவ்வொரு விசையாக அழுத்தினால், கெர்னல் அந்த அழுத்தத்துக்கு என்ன பெயர் தந்தது என்பது தெரியும். எஃப் 2-ஐ அழுத்த, வெளிச்சம் கூட்டு என்று பெயர் வந்தால் குற்றம் இயக்கியில். எஃப் 2 என்றே சரியாகப் பெயர் வந்தும், கோப்பின் பெயரை மாற்றும் பெட்டி திறக்காவிட்டால் குற்றம் மேசைச் சூழலில். ஹெச் என்று சரியாக வந்தும் 'க' விழ வேண்டிய இடத்தில் 'ப' விழுந்தால், மென்பொருளில் இன்ஸ்கிரிப்ட் தேர்வாகியிருக்கிறது என்று பொருள். ஐபஸ் என்னும் உள்ளீட்டு மென்பொருளில் தமிழ்99-ஐத் தேர்ந்தெடுத்தால் போதும். இந்த மூன்று சோதனைகளும் தனித்தனி அடுக்கைத் தொடுகின்றன. ஒன்றின் விடை தெரியாமல் அடுத்த அடுக்கில் கைவைப்பவர் தற்செயலாகத்தான் வெற்றி பெறுவார்.

இடையில் ஓர் அடுக்கைச் சொல்லாமல் விட்டேன். அதன் பிழைகள் வேறு நிறத்தவை. கெர்னலுக்கும் மேசைச் சூழலுக்கும் நடுவே யுடெவ் என்னும் நிரல் நின்று, ஒவ்வொரு உள்ளீட்டுக் கருவிக்கும் 'விசைப்பலகை', 'சுட்டி', 'விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி' என்று முத்திரை குத்துகிறது. அதன் விதி எளிமையானது: எஸ்கேப், எண்வரிசை, க்யூ வரிசை தொடங்கி எஸ் வரை முதல் 31 விசைகள் அத்தனையும் கருவியிடம் உண்டென்றால் அது முழு விசைப்பலகை. விலைப்பட்டை வாசிக்கும் கருவியும் இந்த விதியில் பெரும்பாலும் தேறிவிடும். நூலகத்திலோ கடையிலோ பட்டையை வாசித்து எண்களைத் தட்டச்சு செய்தாற்போல அனுப்புவது அதன் வேலை, ஆகவே இது தவறு என்று சொல்ல முடியாது. எதிர்ப்பக்கத்தில், சில விசைப்பலகைகள் தம் குறிப்பில் தேவையில்லாத அச்சு அசைவுகளையும் சேர்த்துச் சொல்லிவிட, அவற்றை விளையாட்டுக் கட்டுப்பாட்டுக் கருவி என்று யுடெவ் முத்திரை குத்தியது. விளைவு வினோதமானது. எழுதும்போது எல்லாம் சரியாக இருக்கும். விளையாட்டைத் திறந்தால் யாரும் தொடாமலே பாத்திரம் ஒரு மூலைக்கு நகரும். பின்னர் வந்த பதிப்புகளில், வழக்கமான தட்டச்சு விசைகள் சில இருந்தால் அந்த முத்திரையை நீக்கும் நிபந்தனை சேர்க்கப்பட்டது. பழைய பதிப்பில் இருப்பவர் அந்தக் கருவிக்கென ஒரு விதி எழுதி முத்திரையை அழித்தால் போதும்.

சரிசெய்யும் வேலை கண்டறிவதைவிடச் சிறியது. ஆப்பிள் இயக்கி வழக்கில், அந்த இயக்கியின் அளவுருவில் 2 என்ற மதிப்பை எழுதினால் அந்த நொடியே எஃப் விசைகள் திரும்பும். கணினியை அணைத்தால் மறந்துவிடும் என்பதால், தொகுதி அமைவுகள் இருக்கும் அடைவில் ஒரே வரிக் கோப்பாக அதை வைக்க வேண்டும். டெபியன், உபுண்டு, பாஸ் ஆகியவற்றில் தொடக்க நினைவகப் படிமத்தையும் மறுபடி உருவாக்க வேண்டும், ஏனெனில் அந்த இயக்கி கணினி எழும் தறுவாயிலேயே ஏறிவிடுகிறது. கோப்பு எழுதியும் பலனில்லை என்று கைவிடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது இதைத்தான். இந்தத் தீர்வுக்கும் ஒரு விலை உண்டு. அளவுரு இயக்கி முழுவதற்கும் பொது. நாளை அதே கணினியில் உண்மையான ஆப்பிள் விசைப்பலகையைச் செருகினால் அதற்கும் இதே நடத்தைதான். ஒரு கருவியை மட்டும் தொட வேண்டுமானால் யுடெவின் வன்பொருள் தரவுத்தளத்தில் விற்பனையாளர் எண், பொருள் எண் ஆகியவற்றைக் குறித்து விதி எழுதலாம். ஆனால் ஒரே எண்ணைப் பத்து நிறுவனங்கள் பகிரும் உலகில் அந்த விதி வேறொரு விசைப்பலகையையும் பிடித்துக்கொள்ளும். பெயரையும் நிபந்தனையில் சேர்ப்பது ஓரளவு காக்கும். முழுப் பாதுகாப்பு எதிலும் இல்லை.

முதல் எதிர்வாதம் எளிதில் ஊகிக்கக்கூடியது. சில நூறு ரூபாய் விசைப்பலகைக்காக இத்தனை பாடா? வேறொன்றை வாங்கிச் செருகினால் ஆயிற்று. தனியாளின் கணினி என்றால் இந்த வாதத்தை நான் ஏற்பேன், நேரமும் பணம்தான். ஆனால் மாற்றுவதால் சிக்கல் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கைக்கு ஆதாரமில்லை. புதிதாக வாங்குவதிலும் அதே சில்லு இருக்கலாம், அதே எண் இருக்கலாம்; அட்டைப்பெட்டியில் அது எழுதப்பட்டிருக்காது. பள்ளி, நூலகம், இ-சேவை மையம் போன்ற பொதுப் பயன்பாட்டு இடங்களில் கணக்கே வேறு. விசைப்பலகைகள் மொத்தமாக வாங்கப்படுகின்றன. ஒன்றில் பிழை இருந்தால் எல்லாவற்றிலும் இருக்கும். பத்துக் கணினிகளில் ஒரே வரிக் கோப்பை வைப்பதா, பத்து விசைப்பலகைகளைத் திருப்பி அனுப்பிக் கொள்முதல் கோப்பை மறுபடி நகர்த்துவதா என்று கேட்டால் விடை தெளிவு. மேலும், காரணம் அறியாமல் மாற்றப்பட்ட நல்ல விசைப்பலகைகள் அலமாரியில் 'பழுது' என்ற சீட்டோடு கிடக்கும். அவை பழுதல்ல.

இரண்டாவது எதிர்வாதம் கனமானது. அதே விசைப்பலகை விண்டோஸில் ஒரு சிக்கலும் இல்லாமல் வேலை செய்கிறதே, அப்படியானால் குறை லினக்ஸில்தானே? உண்மை ஒன்றை ஒப்புக்கொண்டே பதில் சொல்ல வேண்டும். விண்டோஸ், விசைப்பலகை என்ற வகுப்பை மட்டும் பார்த்துத் தன் பொது இயக்கியைத் தந்துவிடுகிறது. ஆப்பிளுக்கான இயக்கியை யாராவது தனியே நிறுவினால்தான் எண் பொருட்படுத்தப்படும். லினக்ஸோ ஆப்பிள் இயக்கி உட்பட நூற்றுக்கணக்கான தனி இயக்கிகளைக் கையோடு கொண்டுவருகிறது. உண்மையான ஆப்பிள் விசைப்பலகையைச் செருகினால் வேறெதையும் நிறுவாமல் எஃப்என் விசை வேலை செய்வது அதனால்தான். எண்ணைக் காதுகொடுத்துக் கேட்பவனைத்தான் பொய் எண் ஏமாற்ற முடியும். லினக்ஸின் கவனமே இங்கே அதன் பலவீனம் ஆகிறது. அதற்காக அந்தக் கவனத்தை விட்டுவிடச் சொன்னால், தவறான வடிவக் குறிப்பு தரும் ஹோல்டெக் விசைப்பலகை போன்றவை லினக்ஸில் இயங்காமலே கிடக்கும். இரண்டாயிரத்துப் பத்துகளின் மடிக்கணினியை இன்றும் ஓட்ட நினைக்கும் வீட்டுக்கு, புதிய விண்டோஸ் கேட்கும் வன்பொருள் வசதி இல்லாத நிலையில், லினக்ஸை விட்டுவிடச் சொல்வது அறிவுரையும் ஆகாது.

பொய் சொல்ல முடியாதபடி கருவிகளுக்குக் குறியாக்கச் சான்றிதழ் தந்துவிட்டால் என்ன என்று கேட்பவர்களுக்குப் பாதுகாப்பு வாதம் துணைக்கு வரும். 2014-இல் லாஸ் வேகஸில் நடந்த பிளாக் ஹாட் மாநாட்டில் கார்ஸ்டன் நோல், யாகோப் லெல் இருவரும் காட்டியது இதைத்தான்: ஒரு பென்டிரைவின் உள்நிரலை மாற்றி எழுதினால் அது தன்னை விசைப்பலகை என்று அறிவித்துக்கொண்டு, உரிமையாளர் தட்டுவதுபோலக் கட்டளைகளைத் தட்டும். நகலகங்களில் ஒரு நாளைக்கு எத்தனை பேரின் பென்டிரைவ் ஒரே கணினியில் செருகப்படுகிறது என்று எண்ணினால் இந்த அச்சம் கற்பனையல்ல. எனினும் சான்றிதழ் வழி, எண் வாங்கவே பணம் செலவிட விரும்பாத சிறு தயாரிப்பாளரைச் சந்தையிலிருந்து தள்ளும். தமிழ்99 பொறித்த விசைப்பலகையைச் சிறிய எண்ணிக்கையில் செய்ய நினைப்பவருக்கும் அதே கதவு மூடும். அதைவிடக் கைக்கெட்டும் வழி, எந்தக் கணினி எந்தக் கருவிகளை ஏற்கலாம் என்பதை அந்தக் கணினியின் பொறுப்பாளரே முடிவுசெய்வது. யுஎஸ்பிகார்டு என்னும் மென்பொருள் அதைச் செய்கிறது: பட்டியலில் இல்லாத புதிய விசைப்பலகை வந்தால் அனுமதி தரும்வரை பேசவிடாது. அதுவும் கருவியின் வாக்குமூலத்தை வைத்தே ஒப்பிடுகிறது என்ற குறை உண்டு. ஆனால் எந்தத் துளையில், எந்த இடைமுகங்களோடு வந்தது என்பதையும் சேர்த்துப் பார்ப்பதால், பென்டிரைவாக இருந்தது திடீரென விசைப்பலகையாகப் பேசினால் பிடிபடும். அடையாளக் குழப்பத்தைக் கண்டறியப் பழகியவருக்கு இந்தப் பட்டியலை எழுதுவது புதுப்பாடமே அல்ல; அதே எண்களை, அதே செய்திப் பதிவைத்தான் இங்கும் வாசிக்கிறோம்.

கடைசியாக ஒரு தயக்கம் எஞ்சுகிறது: கட்டளைகளும் பதிவுகளும் ஆங்கிலத்தில் இருக்க, கிராமத்துப் பள்ளியில் இதை யார் செய்வார்? 1990-களின் தொடக்கத்தில், ஷீலா ராணி சுங்கத் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, புதுக்கோட்டையின் அறிவொளி இயக்கம் எழுத்துப் பயிற்சியோடு பெண்களுக்குச் சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தது. ஆயிரக்கணக்கில் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். இவர்களுக்கு இது வராது என்று கருதப்பட்ட ஒன்றை, யாரும் தனியாகக் கற்காமல் கூட்டமாகக் கற்றதால் அது நடந்தது. 2015 அக்டோபரில் தமிழ் வலைப்பதிவர் திருவிழாவைப் புதுக்கோட்டை நகரில் கூட்டியவர்களும் பெரும்பாலும் பள்ளி ஆசிரியர்கள், கவிஞர்கள்; கணினித் துறையினர் அல்லர். லினக்ஸைத் தமிழில் விளக்கும் நூல்களுக்கும் பஞ்சமில்லை. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் பற்றி எழுதிவருகிறது, து. நித்யாவின் 'எளிய தமிழில்' வரிசை இலவசமாகக் கிடைக்கிறது. இல்லாதது, குறிப்பிட்ட கருவிகளைப் பற்றிய பதிவு: எந்த எண் கொண்ட விசைப்பலகை எந்தக் கெர்னலில் எப்படி நடந்துகொண்டது, எந்த வரி அதைத் திருத்தியது என்ற செய்தி. அது எந்தப் பாடநூலிலும் வராது, வரவும் முடியாது. ஆய்வகத்தின் இருப்புப் பதிவேட்டில், வாங்கிய தேதிக்கும் விலைக்கும் பக்கத்தில் விற்பனையாளர் எண்ணுக்கும் பொருள் எண்ணுக்கும் இரண்டு கட்டங்கள் ஒதுக்கினால் அந்தச் செய்தி உருவாகத் தொடங்கும். அந்த இரண்டு எண்களும், கெர்னல் பதிவின் நான்கைந்து வரிகளும், வடிவக் குறிப்பின் நகலும் இருந்தால் லினக்ஸின் உள்ளீட்டுக் கருவிப் பராமரிப்பாளர்களுக்கு முறையான பிழை அறிக்கை அனுப்பப் போதும். 2023-இல் வந்த 6.3 பதிப்பு முதல், தவறான வடிவக் குறிப்பைச் சிறு நிரல் ஒன்றால் வெளியிலிருந்தே திருத்தும் ஏற்பாடு கெர்னலில் இருக்கிறது. ஆகவே அந்த வகைப் பிழைக்கு அடுத்த கெர்னல் வெளியாகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.